பின்பக்கத்து இருபத்திமூணு

பிரேமினி பொய் பேசுகிற பிள்ளை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் அம்மா மீனம்மா நம்மைச் சும்மா விடமாட்டாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்க்காதவள், வாங்கிய புத்தகத்தை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுப்பவள். ஆனால் ஒரே ஒரு பொய் இருந்தது. அதைச் சொல்லி மூன்று வருசமாகிவிட்டது, அதை எந்த நேரமும் காவல் காக்க வேண்டியிருந்ததுதான் கொடுமை.

ஹட்டன் பஜாரில் புடவைக் கடைக்கு மேல்மாடியில், மூன்று கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தரணிதரன் ஒரு டிசைன் கடை நடத்துகிறான். கீழே இருக்கிற கடை அவன் தாத்தா காலத்தது. தரணிதரன் நல்ல மனுசன், குரலை உயர்த்தத் தெரியாதவன். வேலைக்குச் சேர்ந்த அன்று "வீடு எங்கம்மா?" என்று கேட்டான். பிரேமினி "கொட்டகலை பஜார் சார்" என்றாள். தேயிலைத் தோட்டத்துக்கு வருகிற கடிதம் பாதி வந்து சேராது என்பதால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் பஜாரில் தெரிந்த ஒரு கடையின் முகவரியைக் கொடுப்பது வழக்கம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கூட வேலை செய்கிற கேஷிகா, "பஜார்ல எந்தப் பக்கம்? மாடி வீடா?" என்று கேட்டபோது, "ம்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு "ம்" தான்.

அன்றிலிருந்து தினமும் ஒரே கூத்து. சாயங்காலம் கேஷிகாவோடு தலவாக்கலை பஸ்ஸில் ஏறி, கொட்டகலையில் இறங்கி, பார்மசி வாசலில் நின்று கையை ஆட்டுவாள். கேஷிகா இருக்கிற பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் தோட்டத்துப் பாதையில் ஏறுவாள். அரை மணி நேர ஏற்றம். மேலே மேட்டு லயம், அதில் பின்பக்கம் இருபத்திமூன்றாம் காம்பரா, ஒற்றை அறை வீடு. அப்பா செல்லசாமி இறந்து ஏழு வருசம், இப்போது அம்மாவும் அவளும் மட்டும்தான்.

மீனம்மாவுக்கு இந்தக் கூத்து தெரியும். ஒரு சனிக்கிழமை, கொழுந்துக் கறை போகாத கையோடு, தலையில் அரிசிப் பையோடு பஜாரில் நடந்து வந்தவள், பார்மசி வாசலில் மகள் இன்னொரு பிள்ளையோடு சிரித்துப் பேசிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். மகளின் முகம் போன போக்கைப் பார்த்த மீனம்மா, அப்படியே திரும்பி மரக்கறிக் கடைப் பக்கம் போய், போஞ்சியை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டாள். அன்றிரவு இரண்டு பேரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. போஞ்சிக் கறிதான் சமைத்திருந்தாள்.

போன பெருமழைக்குப் பிறகு இந்த வேலை கடைக்கு வந்தது. ஒரு தொண்டு நிறுவனம் நாலைந்து தோட்டங்களில் லயங்களை அளந்தது. மண்சரிவு ஆபத்து எந்தக் காம்பராவுக்கு இருக்கிறது என்று பார்த்து, அந்தக் குடும்பங்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுவது திட்டம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள். மேலே லயத்தின் படம், அதில் அவர்களுடைய காம்பரா மட்டும் நிறம் தீட்டியபடி. ஆபத்தான பகுதிக்குச் சிவப்புக் கோடு. கீழே குடும்பத் தலைவர் பெயர், காம்பரா நம்பர், எத்தனை பேர், மூன்று மொழியிலும். கடைசி வரியில், முதல் கட்டத்தில் இடம் மாற்றப்படுவார்களா இல்லையா என்பது.

படம் ஒரு ஆள் எடுத்தது. வானத்தில் டிரோனைப் பறக்கவிட்டு, கூரையைப் பார்த்துக் கோடு போட்டது. பெயர்ப் பட்டியல் வேறொரு ஆள், தோட்டத்து ஆபீசில் வாங்கியது. படத்தில் வெறும் கட்டங்கள்தான், நம்பர் இல்லை. பட்டியலில் நம்பர் உண்டு, படம் இல்லை. இரண்டையும் சேர்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிடிஎஃப் ஆக்குவது பிரேமினியின் வேலை.

முதலில் வந்தது பிரேமினியின் தோட்டத்து நாலு லயம்தான். அந்தத் தொண்ணூற்றாறு தாளையும் கையால் செய்தால் விடிந்துவிடும். அவள் ஒரு புரோகிராம் எழுதினாள். அது படத்தைத் திறக்கும், பட்டியலில் ஒரு வரியைப் படிக்கும், அந்த நம்பருக்குரிய கட்டத்தைத் தேடி நிறம் தீட்டும், கீழே எழுத்தை வைக்கும், பிடிஎஃப்பாகச் சேமித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். படம் கோடுகளாகவே உள்ளே இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. தமிழ் எழுத்துத்தான் முதலில் படுத்தி எடுத்தது. கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக நின்றது. இரண்டு நாள் மல்லுக்கட்டி அதையும் சரிப்படுத்தினாள். தரணிதரன் பார்த்துவிட்டு, "பெரிய கம்பெனில செய்ற வேலம்மா இது" என்றான். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"லயத்துல முன்பக்கம் பன்னெண்டு, பின்பக்கம் பன்னெண்டு. முன்பக்கம் இடப்பக்கம் இருந்து ஒன்னு, ரெண்டுன்னு போகுதாம். பின்பக்கம் பதிமூணு எங்க ஆரம்பிக்கும்?" என்று தரணிதரன் திரையைப் பார்த்துக் கேட்டான். "யாருக்காவது தெரியுமா?"

கேஷிகா சிரித்தாள். "லயத்துல பொறந்திருந்தாத்தான் சார் தெரியும். நமக்கு எங்க தெரியுது."

கேலியாகக்கூடச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். பிரேமினிக்குக் காது இரண்டும் சுட்டது.

தெரியாமல் என்ன? அந்த லயத்தில் நம்பர் சுற்றிக்கொண்டு போகும். முன்பக்கம் பன்னிரண்டு முடிகிற கோடியில் திரும்பினால், அதே கோடியில் பின்பக்கம் பதிமூன்று. அப்படியே நடந்து வந்தால், ஒன்றாம் காம்பராவுக்கு நேர் முதுகில் இருபத்திநாலு. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு அந்த வரிசையில்தான் லயத்தைச் சுற்றும். இருபத்திமூன்றாம் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் முறுக்கெல்லாம் நொறுங்கித் தூளாகியிருக்கும். பிரேமினி நொறுங்கிய முறுக்கைத் தின்று வளர்ந்தவள். அவளைக் கேட்கிறார்கள், பதிமூன்று எங்கே என்று.

"தெரியல சார்" என்றாள். நாக்கு அப்படித்தான் புரண்டது. அதோடும் விடவில்லை. "முன்பக்கம் மாதிரியே இடப்பக்கம் இருந்துதான் வரும்னு நெனைக்கிறேன்."

"அப்ப அப்படியே போட்டுடும்மா."

போட்டாள். அப்புறம் யாரும் இல்லாத நேரம் பார்த்து மாற்றிவிடலாம், ஒரே ஒரு வரிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். புரோகிராம் ஓடி முடிந்ததும் தாள்களைத் திரையில் புரட்டிப் பார்த்தவள் பாதியில் நிறுத்தினாள். மேட்டு லயத்தில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது பின்பக்கத்து வலது கோடி, மூன்று கட்டம். அதன் மேல் இருக்கும் மண்மேடு அவளுக்குத் தெரியாததா? உண்மையில் அவை பதிமூன்று, பதினாலு, பதினைந்து. அவள் போட்ட கணக்கில் அவை இருபத்திரண்டு, இருபத்திமூன்று, இருபத்திநாலு ஆகிவிட்டன. "23. மீனம்மா. 2 பேர். முதல் கட்டத்தில் இடம் மாற்றப்படுவர்." அந்த இரண்டு பேரில் ஒருத்தி அவள்தான்.

பதினாலு ராசம்மா வீடு. மழையன்று வாசல்படி வரைக்கும் மண் வந்து நின்ற வீடு. சுவரில் கை நுழைகிற அளவு வெடிப்பு. ராசம்மாவின் தாளில், "ஆபத்து இல்லை."

எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தரணிதரனின் மேசை ஐந்து அடி தூரத்தில் இருந்தது. அவள் எழுந்தும் நின்றாள். அவனோ, "நிறுவனத்துல மாதிரி பாத்துட்டு ஓகே சொல்லிட்டாங்க, பிரிண்டுக்கு அனுப்பிட்டேன்" என்று சந்தோசமாகத் திரும்பினான். இப்போது சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பான். அதற்கு என்ன பதில் சொல்வது? அவள் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் போய்விட்டு வந்தாள். கொண்டுபோய்க் கொடுக்கும்போது அங்கே இருப்பவர்களே பார்த்துத் திருத்திக்கொள்வார்கள் என்று நினைத்தாள். வெட்கங்கெட்ட நினைப்பு என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் மூன்று நாள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். இரவில் தகரக் கூரையில் மழை விழுந்தால், பதினாலாம் காம்பராவை நினைத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலேயே தாள் கொடுப்பதாக ஏற்பாடு. பெயரில் பிழை இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும், லேப்டாப்போடு நீயும் வரணும் என்று தரணிதரன் சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் மீனம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "நாளைக்கு ஒங்க சாரு வாறாராமே" என்றாள். "நான் வரல புள்ள. காலு நோகுது."

அம்மாவின் காலுக்கு ஒன்றுமில்லை என்று பிரேமினிக்குத் தெரியும். இருந்தும் அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து அன்றிரவு சோற்றைப் பாதியில் மூடி வைத்தாள்.

மறுநாள் காலை அவள் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். சொந்த லயத்திலிருந்து இறங்கி, கொட்டகலையில் பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போய், அங்கே கேஷிகாவோடு தரணிதரனின் வேனில் ஏறி, அதே கொட்டகலை வழியாக அதே லயத்துக்கு வந்து இறங்கினாள். சளி, தடிமன் என்று சொல்லி முகத்தில் மாஸ்க் வேறு.

பிள்ளைமடுவத்தில் மேசை போட்டிருந்தார்கள். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற கூடம் அது. அங்கே ஆயா வேலை பார்ப்பது ராசம்மாதான். பிரேமினிக்கு இரண்டு வயதில் சோறு ஊட்டியவளும் அவள்தான். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு, தேத்தண்ணி ஒரு வாய், சீனி ஒரு நக்கு என்று ஊட்டியவள்.

லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த இரண்டு கண்ணைப் பார்த்தார்கள். பார்த்ததும் புரிந்துகொண்டு, முன்பின் தெரியாத ஆளைப் போல் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். ஒருவர்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. இதெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரேமினி திரையைப் பார்த்தபடி கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள். இதைவிட ஒருத்தியாவது வந்து திட்டியிருந்தால் தேவலாம் போல் இருந்தது.

குடும்பத் தலைவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் மீனம்மாவும் கடைசியில் வரவேண்டியதாகிவிட்டது. தாளை வாங்கிப் பார்த்தவள் அங்கேயே நின்றாள்.

"இது தப்புங்களே" என்றாள் மெதுவாக. "எங்க வீட்டுப் பக்கம் மேடே இல்லீங்களே."

பக்கத்தில் நின்ற அழகுமுத்து அதை வாங்கிப் பார்த்தார். தோட்டத்துத் தலைவர் அவர், ஆட்களுக்காகத் தோட்ட மேனேஜர் துரையிடம் போய்ப் பேசுகிறவர். ராசம்மாவின் தாளையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சார், இதுல ராசம்மா வீட்ட மீனம்மா வீட்டுப் பக்கம் காட்டியிருக்கு. மீனம்மா வீடு ராசம்மா வீட்டுக் கிட்டப் போயிருச்சு. மண்ணு வந்தது ராசம்மா வீட்டுக்குங்க. அவங்களுக்குப் போயி ஆபத்து இல்லேன்னு போட்டிருக்கீங்க."

கூட்டம் சலசலத்தது. பின்னால் யாரோ ஒரு பெண் குரல், கோபத்தில் அடக்க முடியாமல், "கம்ப்யூட்டர்ல செஞ்சது மீனம்மா மகதானே. தாய்க்குப் பாத்துத்தான் செஞ்சிருக்கு" என்றது.

தரணிதரன் நிமிர்ந்தான். "யாரு மக? எங்க கடையிலயா?"

எல்லோரும் பிரேமினியைப் பார்த்துவிட்டு, உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். கேஷிகா அவர்கள் பார்த்த திசையைப் பார்த்தாள். பிரேமினிக்கு இப்போதாவது, இப்போதாவது என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மீனம்மாதான் முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரணிதரனைப் பார்த்து, தெளிவாகச் சொன்னாள்.

"அது சும்மா சொல்றாங்க சார். எனக்கு மக கொழும்புல ஒரு வீட்டுல வேல செய்யுது. இந்த மிஸ்ஸ நான் இப்பதான் பாக்குறேன்."

சொல்லும்போது குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பல நாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தவளைப் போல் சொன்னாள். பிரேமினிக்கு அதுதான் தாங்கவில்லை. அடுப்படியில் தனியாக இருக்கும்போது அம்மா இதை எத்தனை தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் என்று நினைத்தாள்.

எழுந்து மாஸ்க்கைக் கழற்றினாள்.

"எங்கம்மா சார்" என்றாள். "இருபத்திமூணாம் காம்பரா எங்க வீடு. நான் பொறந்தது இங்கதான்."

மீனம்மா, "புள்ள, வேணாம்" என்றாள்.

"பஜார்ன்னு சொன்னியேம்மா" என்றான் தரணிதரன். அவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"பொய் சார்."

அவன் கேட்க விருப்பமில்லாதவனைப் போல் கேட்டான். "அப்ப அன்னைக்கு நான் கேட்டப்ப, பதிமூணு எங்க ஆரம்பிக்கும்னு, ஒனக்குத் தெரியுமா?"

அங்கேதான் கடைசிப் பொய்க்கு ஒரு வழி இருந்தது. மறந்துவிட்டேன், அவசரத்தில் கவனிக்கவில்லை, எது சொன்னாலும் நம்பியிருப்பான். ராசம்மா சுவர் ஓரமாக நின்று, இடுப்பில் யாருடைய குழந்தையையோ வைத்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேமினிக்காக அவளும் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"தெரியும் சார்" என்றாள் பிரேமினி. "தெரிஞ்சுதான் சொல்லல. அப்புறமும் பாத்தேன். ராசம்மா அக்கா வீடு மாறிப்போயிருக்குன்னு அன்னைக்கே தெரியும். சொன்னா நான் லயம்னு தெரிஞ்சிரும்னு விட்டுட்டேன். அம்மாவுக்கு எதுவும் தெரியாது."

இடுப்பில் இருந்த குழந்தையை ராசம்மா மற்றப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

தரணிதரன் வெளியே போய் நிறுவனத்துக்கு போன் போட்டான். எல்லோர் காதிலும் விழும்படி, தாள் முழுக்கத் தப்பு, எங்கள் கடைத் தப்பு, நாளைக்கே புதிதாகத் தருகிறோம், பழையதை எண்ணாதீர்கள் என்று சொன்னான். எங்கள் கடைத் தப்பு என்றான். அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் தலை குனிந்தது. பிறகு அழகுமுத்து முன்னால் நடக்க, எல்லோருமாக லயத்தைச் சுற்றி வந்தார்கள். ஒவ்வொரு கதவாகக் கையைக் காட்டி நம்பரைச் சொன்னது பிரேமினிதான். ஒன்று முதல் இருபத்திநாலு வரை. மற்ற மூன்று லயத்துக்கும் இதே சுற்றுத்தான் என்று அழகுமுத்து சொன்னார். ராசம்மாவின் வாசலில் மண் மூட்டை அடுக்கியிருந்தது. அந்தப் படியில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, அந்த ஒரு வரியை மாற்றினாள். பின்பக்கம் வலமிருந்து இடம். மாற்ற அரை நிமிசம்கூட ஆகவில்லை. மூன்று வருசத்துப் பொய்யும் அந்த அரை நிமிசத்துக்குப் பயந்துதான் இருந்ததா என்று நினைத்தாள்.

திரையில் பதினாலாம் தாள் வந்தது. ராசம்மா, ஐந்து பேர், கட்டத்தின் மேல் சிவப்புக் கோடு, முதல் கட்டத்தில் இடம் மாற்றப்படுவர். பெயரும் படமும் இப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. ராசம்மா குனிந்து அந்தச் சிவப்பை நெடுநேரம் பார்த்தாள்.

"இதுதான் எங்க வீடு" என்றாள், தரணிதரனிடம்.

வந்தவர்களை வெறுவாயோடு அனுப்புகிற வழக்கம் லயத்தில் இல்லை. ராசம்மா உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். தரணிதரனுக்கும் கேஷிகாவுக்கும், வருகிற பெரிய ஆட்களுக்கென்று பெட்டியில் வைத்திருக்கிற பூப்போட்ட கோப்பையில், கீழே தட்டு வைத்து, பால் ஊற்றிக் கொடுத்தாள். அழகுமுத்துவுக்கும் மீனம்மாவுக்கும் டம்ளரில் பால் இல்லாத சாயத் தேத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி.

பிரேமினி தன் கையைத் தானாகவே நீட்டினாள், சீனிக்கு. இருபத்தைந்து வருசப் பழக்கம் அது.

ராசம்மா அந்தக் கையைப் பார்த்தாள். திரும்பிப் போய், மூன்றாவது பூப்போட்ட கோப்பையை எடுத்துத் துடைத்து, பால் ஊற்றி, தட்டோடு கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் வைத்தாள்.

"குடிங்க மிஸ்" என்றாள்.

மீனம்மா தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேமினி கையை மடக்கிக்கொண்டு கோப்பையை எடுத்தாள். சூடு ஆறும்வரை காத்திருக்காமல், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், குடித்து முடித்தாள்.